காளியாயி சிரிக்காத ஞாயிறு

'எட்டாம் காம்பரா' என்ற டிவி நாடகம் ஏன் நின்றது என்று ஹட்டன் பஸ்ஸில் இன்னும் யாராவது பேசிக்கொண்டுதான் வருகிறார்கள். தொழிற்சங்கத் தலைவர் ஒருவரைக் கிண்டல் செய்ததால் கொழும்புக்குப் போன் போனது என்கிறார்கள். தோட்டக் கம்பனி இடம் தர மறுத்தது என்கிறார்கள். விளம்பரக்காரர்கள் கைவிட்டார்கள் என்று நோர்வூட் சலூனில் ஒருவர் என்னிடமே விளக்கினார். அந்த நாடகத்தை எழுதியவன் நான் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. முடி வெட்டியதும் எழுந்து வந்துவிட்டேன்.

மூன்றுமே பொய். பத்து வாரம் ஓடி, மலையகத்தில் டிவி இருந்த வீடெல்லாம் பார்த்த ஒரு சிரிப்பு நாடகம் நின்றுபோனதற்குக் காரணம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நான் தூங்கியது. அதற்குப் பிறகு நான் செய்ததும்.

நான் பொகவந்தலாவைக்கு மேலே உள்ள தோட்டத்துக்காரன். நான்கு வருடம் தேயிலை பெக்டரியில் இரவு வேலை பார்த்தேன். கொழுந்து வாட்டும் மாடியில் விசிறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து கொப்பியில் வசனம் எழுதுவேன். ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அப்படியே விட்டுவிட்டேன். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஹட்டன் பைஸர் அந்தக் கொப்பியை வாசித்துவிட்டு, "மச்சான், இத எடுப்போம்" என்றான். கொழும்பில் ஒரு தமிழ் சேனல் சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு அரை மணி நேரம் கொடுத்தது. முதலில் பதின்மூன்று வாரம். சனங்களுக்குப் பிடித்தால் மேலும் ஒரு வருடம். அந்த ஒரு வருடம்தான் எனக்கு வேண்டியிருந்தது. அது கிடைக்காவிட்டால் மறுபடியும் விசிறிச் சத்தம்தான்.

கதை சின்னது. ஒட்டி ஒட்டிக் கட்டிய லயத்து வரிசையில் எட்டாவது காம்பரா, ஒற்றை அறை வீடு. அதில் ஒரு குடும்பம். அவர்களோடு, மூன்று நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்து போகாமலே இருந்துவிட்ட ஒரு பென்ஷன் கங்காணி. காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டை அடுப்படியிலும் எடுப்பார். பால்மா டின்னுக்கும் கட்டளை போடுவார். அழகுமுத்து மாமா நடித்தார். அவர் நிஜத்திலும் ஏறக்குறைய அப்படித்தான்.

ஆனால் நாடகத்தை ஓட வைத்தது கதையும் இல்லை, அழகுமுத்து மாமாவும் இல்லை. சிரிப்பு. பதிவு செய்து வைத்த சிரிப்பைப் போடக் கூடாது என்று பைஸர் முதலிலேயே சொல்லிவிட்டான். கீழ்ப் பிரிவில் ஆளில்லாத ஒரு பழைய லயத்தின் முன்னால், ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துச் சனங்களை உட்கார வைத்துப் படம் பிடித்தோம். கொழுந்து எடுத்துக் களைத்த பெண்கள், ஆறு நாள் பாக்கிச் சிரிப்பையும் அன்றைக்குச் சிரித்தார்கள். அதை அப்படியே பதிவு செய்தோம்.

அந்தச் சிரிப்புக்குத் தலைமை காளியாயி. எனக்குப் பெரியம்மா முறை. வயது ஐம்பத்திரண்டு. பகிடியைக் கேட்டதும் அவளுக்கு முதலில் சத்தமே வராது. தோள் மட்டும் குலுங்கும். பிறகு மூச்சை உள்ளே இழுக்கும் ஒரு ஒலி. அதற்குப் பிறகு வெடிப்பாள். அவள் வெடித்தால் மற்றவர்கள் தாங்க மாட்டார்கள். மூன்றாம் வாரத்திலேயே அந்தச் சிரிப்பைச் சனங்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். மஸ்கெலியாவில் ஒரு பையன் அதைப் போனில் ரிங்டோனாக வைத்திருந்தான். "பெரியம்மா, நீங்க இல்லாட்டி இது ஒண்ணும் இல்ல" என்றேன். "போடா, ஓசியில சிரிக்க வச்சுட்டு ஐஸ் வைக்கிறான்" என்றாள்.

ஒன்பதாவது வாரத்துக்கு நான் எழுதியது சாவுக் கதை. தான் செத்தால் யார் அழுவார்கள் என்று பார்க்கக் கங்காணி செத்தவர் போலப் படுத்துக்கொள்கிறார். பாடை கட்டுகிறார்கள். தப்புப் பறை அடிக்கிறார்கள். யாருக்கும் அழுகை வரவில்லை.

எங்கள் தோட்டத்தில் தப்புக்குப் பல அடி உண்டு. கல்யாணத்துக்கு ஒன்று, சாமிக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. சாவு அடி கொழுந்து எடுக்கும் மலைக்குக் கேட்டால் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு லயத்துக்கு ஓடி வருவார்கள். யார் வீடு என்று தெரியாது. வந்துதான் தெரிந்துகொள்வார்கள். கைபேசி வந்த பிறகும் இது மாறவில்லை. ஏனென்றால் பாதி மலையில் சிக்னல் கிடையாது. இது எனக்குத் தெரியாததல்ல. என் அப்பா செத்தபோது அம்மா அப்படித்தான் ஓடி வந்தாள்.

ஒலிப்பதிவுக்காரர் கொழும்புச் சிங்களவர். தன்னிடம் ஏதோ மேளச் சத்தம் பதிவாக இருக்கிறது, அதைப் பிறகு சேர்க்கலாம் என்றார். நான் கேட்கவில்லை. நிஜ அடி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, எங்கள் தோட்டத்தில் தப்படிக்கும் இராமையாவின் ஆட்களைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்பாடு. சனிக்கிழமையே தோட்டத்து வேலைக் கங்காணியிடம் சொல்லியாயிற்று. ஞாயிறு முழுக்க மழை. திங்களும் மழை. படப்பிடிப்பைச் செவ்வாய்க்கு மாற்றினோம். செவ்வாய் வேலை நாள். காலை ஆறரைக்குப் பெரட்டுக்களத்துக்குப் போய், "இன்னைக்குப் பத்து மணிக்குத் தப்புச் சத்தம் கேக்கும், அது நாடகம்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்கிறேன் என்று பொறுப்பெடுத்தது நான். நான்கு வருடம் பகலில் தூங்கிய உடம்பு. எழுந்தபோது எட்டரை. பெண்களைப் பதினோராம் நம்பர் மலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

தப்பைத் தீயில் காய்ச்சிக்கொண்டே இராமையா கேட்டார்: "மலைக்குச் சொல்லியாச்சா தம்பி?"

"கங்காணிக்குத் தெரியும்" என்றேன். சனிக்கிழமை சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு சொன்னேன். அவர் திருப்திப்பட்டு அடிக்க ஆரம்பித்தார்.

அழகுமுத்து மாமா பாடையில் படுத்திருந்தார். மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு. கால் மணி நேரம் இருக்கும். மேலே குறுக்குப் பாதையில் சத்தம் கேட்டது. முதலில் வந்தவள் காளியாயி. தலையில் கட்டிய சீலைத் துணி கழுத்தில் தொங்கியது. ஒரு காலில் செருப்பு இல்லை. நடுப்பாதையிலேயே ஒப்பாரி தொடங்கிவிட்டிருந்தாள்.

அவளுடைய ஒரே மகன் திலக்ஷன். என்னோடு எட்டாம் வகுப்பு வரை படித்தவன். கொழும்பில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. அதற்கு முந்தைய வாரம் டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இரண்டு நாளாகப் போன் வரவில்லை. அவளுக்கு வேறு யார் நினைவு வரும்?

"என் ராசா, திலக்ஷா! பதிமூணு வயசுல உன்ன எச்சித் தட்டு கழுவ அனுப்புனேனே! நாய்க்கு வச்ச சோத்த எனக்குப் போடுறாங்கம்மான்னு நீ அழுது வந்தியே! மறுநாளே திருப்பி பஸ் ஏத்தி விட்டேனே! பாவி நான், உன்ன நானே கொன்னேனே!"

மாரில் அடித்துக்கொண்டு நேராகப் பாடைக்கு ஓடி வந்தாள். கமராக்காரருக்கும் தமிழ் தெரியாது. இந்த அம்மாவும் நடிக்கிறாள் என்று நினைத்துக் கமராவை அவள் பக்கம் திருப்பினார். "நியமய்" என்று முணுமுணுத்தார். பிரமாதம் என்று அர்த்தம். நான் நிறுத்தச் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்று பின்னால் பலரிடம் சொன்னேன். வாய் வந்தது. நான்தான் சொல்லவில்லை.

அவள் பாடையின் மேல் விழுந்ததும் அழகுமுத்து மாமா பதறி எழுந்து உட்கார்ந்தார். காசு மூக்கில் உருண்டு விழுந்தது. "மதினி, மதினி! நாந்தான்! நான் இன்னும் சாகல!"

பின்னால் ஓடி வந்திருந்த நாற்பது பெண்களும் ஒரு நிமிடம் அப்படியே நின்றார்கள். பிறகு சிரித்தார்கள். நெஞ்சில் இருந்த கல் இறங்கிய சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். எங்கள் பதிவுகளிலேயே அதுபோல ஒரு சிரிப்பு இல்லை. காளியாயி மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"யாரு தம்பி செத்தது?"

"யாரும் சாகல பெரியம்மா. நாடகம்."

"அப்ப நான் யாருக்கு அழுதேன்?"

நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடியும் மலைக்குப் போனாள். அன்று மாலை திலக்ஷன் போன் பண்ணினான். காய்ச்சல் விட்டுவிட்டது, போனில் சார்ஜ் இல்லை, அவ்வளவுதான். அதோடு இந்தக் கதை முடிந்திருக்க வேண்டும்.

பைஸரின் வாப்பாவுடைய புடவைக் கடைக்கு மேலே ஒரு அறை. அங்கேதான் படத்தை வெட்டி ஒட்டுவோம். இரண்டு பேரும் அந்தக் காட்சியை மூன்று முறை பார்த்தோம்.

"இத எப்படிடா போடுறது?" என்றான் பைஸர். "அந்தம்மா நெசமா அழுறாங்க."

"கடைசில எல்லாரும் சிரிக்கிறாங்கல்ல."

"பேரு சொல்லி அழுறாங்க மச்சான். உசுரோட இருக்கிற புள்ளைய."

"போட்டா ஒரு வருசம் கிடைக்கும்" என்றேன்.

"அவங்ககிட்ட கேட்டுட்டு வா. சரின்னா போடுறேன்."

கேட்கப் போனேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "பெரியம்மா, அன்னைக்கு எடுத்ததுல உங்க மொகமும் வருது. போடவா?" என்றேன். நான் கேட்டது அவ்வளவுதான். அவள் சொன்ன வார்த்தைகள் வரும், மகன் பெயர் வரும், எச்சித் தட்டு வரும், அதற்கு மேல் சிரிப்பு வரும் என்று சொல்லவில்லை. அவள் தலையை நிமிர்த்தாமல், "மொகந்தானே, வரட்டும்" என்றாள். பைஸரிடம் போய், "சரின்னு சொல்லிட்டாங்க" என்றேன்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு அது போனது. திங்கட்கிழமைக்குள் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் யாரோ வெட்டி எடுத்துப் போனில் பரப்பிவிட்டார்கள். அதற்குப் பாட்டுப் போட்டார்கள். எழும் பிணத்துக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினார்கள். ஏழு லட்சம் பேர் பார்த்தார்கள். சேனலிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, "தம்பி, அடுத்த வருசத்துக்கும் கதை யோசிச்சு வைங்க" என்றார். நான் அன்றைக்கு பைஸருக்குக் கொத்து ரொட்டி வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமையும் சேனல் அதையே மறுபடி போட்டது. மறுநாள், பத்தாவது வாரப் பதிவுக்கு எல்லோரும் வந்தார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. காளியாயி வழக்கம்போல முன்வரிசையில் உட்கார்ந்தாள். அழகுமுத்து மாமா முதல் பகிடியைச் சொன்னார். நல்ல பகிடி. சத்தமில்லை. எல்லோரும் காளியாயியின் தோளைப் பார்த்தார்கள். அது குலுங்கவில்லை. இரண்டாவது பகிடி. பின்னால் இரண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். தாய் ஒருத்தி அவர்கள் தொடையில் கிள்ளினாள். காளியாயி எங்களுக்காக முயற்சி செய்தாள். வாயைத் திறந்து ஒரு சத்தம் எழுப்பினாள். இருமல் போல இருந்தது. பக்கத்தில் இருந்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒலிப்பதிவுக்காரர் காதிலிருந்த கருவியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினார்.

முடிந்ததும் அவள் என்னிடம் வந்தாள்.

"கோவிச்சுக்காத தம்பி. வரமாட்டேங்குது."

"பரவாயில்ல பெரியம்மா."

"திலக்ஷன் போன எடுக்க மாட்டேங்கிறான். எட்டு நாளாச்சு. நீ அடிச்சா எடுப்பானா?"

நானும் அடித்தேன். எடுக்கவில்லை. மறுநாள் காலை ஹட்டனில் ரயில் ஏறினேன். அவன் வந்து அம்மா முன்னால் ஒரு நாள் நின்றால் போதும், அவள் பழையபடி ஆகிவிடுவாள், ஞாயிற்றுக்கிழமை சிரிப்பாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனேன்.

தெஹிவளையில் ஹோட்டலின் பின்பக்கம், கேஸ் சிலிண்டர் அடுக்கிய சந்தில் அவனைப் பார்த்தேன். மெலிந்திருந்தான். என்னைப் பார்த்ததும் ஏப்ரனைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான்.

"வாங்க ரைட்டர் சார். அடுத்த பொணம் யாரு?"

"டேய், அம்மா சாப்பிடாம இருக்காங்கடா."

"குசினில என்னை என்னா சொல்லிக் கூப்பிடுறானுங்க தெரியுமா? 'எச்சித் தட்டு.' புதுசா சேந்த பொடியன் கூட. பெரிய முதலாளி ஒரு நாள் போனைக் காட்டி, இது உங்கம்மாவான்னு கேட்டாரு. நான் இல்லைன்னேன்." சுவரைப் பார்த்தான். "இல்லைன்னுட்டேன்டா."

அவன் சொல்லிக்கொண்டே போனான். வத்தளையில் ஒரு பெண் பார்த்திருந்தான். அவர்களிடம், தன் அப்பா நுவரெலியாவில் கடை வைத்திருந்தார், தான் பதினோராம் வகுப்பு, சாதாரண தரம் வரை படித்தவன் என்று சொல்லியிருந்தான். பதிமூன்று வயதில் வீட்டு வேலைக்குப் போனதை யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமே சொன்னதில்லை. சொந்தக்கார வீட்டில் தங்கிப் படிக்கிறான் என்றுதான் அப்போது எங்களுக்குச் சொன்னார்கள். அந்தப் பெண்ணின் தம்பிதான் முதலில் வீடியோவை அனுப்பியிருக்கிறான். கீழே சிரிக்கும் மஞ்சள் முகம் மூன்று.

"ஒரு நாள் வந்துட்டுப் போடா" என்றேன்.

"எங்கம்மாவுக்காக வந்தியா, நாடகத்துக்காக வந்தியா?"

உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். நான் யோசித்தேன். அவன் அதைப் பார்த்துவிட்டான்.

"நிப்பாட்டு" என்றான். "அந்த நாடகத்த நிப்பாட்டு. நிப்பாட்டினா நான் வர்றேன். அது ஓடுற வரைக்கும் அந்த லயத்துப் பக்கம் என் கால் படாது. சனிக்கிழமை ஏழு மணி ஆனா இங்க எல்லாரும் என்னைத் திரும்பிப் பாக்குறானுங்கடா."

"சரி, பேசுறேன்" என்று வந்தேன்.

பேசவில்லை. பைஸரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரயிலில் வரும்போதே பதினோராவது வாரத்துக்கு வசனம் யோசித்தேன். வீட்டுக்கு வந்து எழுதினேன். காளியாயி வாசலில் வந்து, "பாத்தியா? எப்படி இருக்கான்?" என்று கேட்டாள். "நல்லா இருக்கான், வேலை ஜாஸ்தி" என்றேன். நிப்பாட்டினால் வருவேன் என்று அவன் சொன்னதைச் சொல்லியிருந்தால் அவள் என்னைக் கெஞ்சியிருப்பாள். அதற்காகத்தான் சொல்லவில்லை.

சிரிப்பில்லாத பத்தாவது வாரத்தை அப்படியே அனுப்ப முடியாது. பழைய வாரங்களில் இருந்த சிரிப்பை எடுத்து ஒட்டினோம். காளியாயியின் சிரிப்பையும்தான். அது ஒட்டவில்லை. பகிடி முடிவதற்கு முன்னால் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிந்த பிறகு அழகுமுத்து மாமாவின் முகம் வெறுமையாக நின்றது. பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியாது. ஆனால் ஏதோ செத்துவிட்டது என்று தெரிந்தது. இணையத்தில் அதன் கீழே அப்படியே எழுதினார்கள். பதினோராவது வாரப் பதிவுக்கு ஒன்பது பேர் வந்தார்கள். காளியாயியும் வந்தாள். அவள் வராமல் இருந்திருக்கலாம்.

அந்த வாரம் சேனல்காரர் பைஸருக்குப் போன் பண்ணினார். கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைப்போம் என்றார். அந்த இடத்தில் சமையல் நிகழ்ச்சி ஒன்று போட்டார்கள். அது இன்னும் ஓடுகிறது. பைஸர் என்னிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, "அன்னைக்கு அந்தம்மாகிட்ட என்னான்னு கேட்ட?" என்றான். முதல் முறையாக அதைச் சொன்னேன். கேட்ட வார்த்தையைக் கேட்டபடியே சொன்னேன். அவன் திட்டவில்லை. அறைச் சாவியை மட்டும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டான்.

இரண்டு சனிக்கிழமை கழித்துத் திலக்ஷன் கூப்பிட்டான்.

"நாடகம் வரலியே" என்றான்.

"ம்."

"நீயா நிப்பாட்டின?"

சேனல் நிறுத்தியது என்று சொல்லலாம். அது உண்மை. சொன்னால் அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை அப்போதும் வந்திருப்பான். ஒருவேளை, நீ நிறுத்தவில்லையே, பேச்சு பேச்சுதான் என்று போனை வைத்திருப்பான்.

"ஆமா" என்றேன்.

போனில் பாத்திரங்கள் உரசும் ஒலி. "தேங்ஸ்டா" என்றான்.

தீபாவளிக்கு முதல் நாள் வந்தான். அம்மாவுக்குச் சீலை, சுவருக்கு ஒரு கடிகாரம். வத்தளைப் பெண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. மூன்று நாள் இருந்தான். காளியாயி அந்த மூன்று நாளும் அவன் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று என் அம்மா சொன்னாள். அவன் கை கழுவப் போனால் தட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவாளாம்.

அவன் போன மறுநாள் காலை என் வீட்டுக்கு வந்தாள். பெக்டரியிலிருந்து வந்து அப்போதுதான் படுத்திருந்தேன். எழுந்து வெளியே வந்தேன். கையில் ஒரு தட்டு. முறுக்கும், அவன் கொழும்பிலிருந்து கொண்டு வந்த மஸ்கட் இனிப்பும்.

"அவன் எல்லாம் சொன்னான் தம்பி" என்றாள். "எம் புள்ள ஒரு வார்த்தை கேட்டான்னு உன் பொழப்பையே விட்டுட்டியாமே. கூடப் பொறந்தவன் கூட இப்படிச் செய்யமாட்டான்."

நான் தட்டை வாங்கவில்லை. அவளே என் கையில் வைத்தாள்.

"இல்ல பெரியம்மா..." என்றேன்.

"சாப்பிடு."

ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டேன். நான் விழுங்கும் வரை நின்று பார்த்தாள். பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.